என் மொட்டையை மனப்பாடம் செய்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். பர்மாவின் வடக்கே லாஷியோவில் பிறந்து, வீட்டில் சீனம் பேசி, சீனப் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அம்மன் கோயில் வாசலில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காதும் குத்திவிட்டவன் நான். எல்லாம் ஆங்கிலத்தில். அவளும் மூன்றே வாரத்தில் அந்த மொட்டையைத் தலைகீழாக ஒப்பிக்கக் கற்றுக்கொண்டாள்.

நகரத்தின் கடைவீதிப் பகுதியான பபேடானில் கப்பல் சரக்கு ஏஜெண்ட் ஒருவரின் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. நாளெல்லாம் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவேன். கன்டெய்னர் தாமதமானால் ஏழு விதமாக மன்னிப்புக் கேட்பேன். எட்டாவது விதம் இதுவரை தேவைப்படவில்லை. ஆனால் எழுதுவதோடு சரி. ஒருமுறை நிஜமான வெள்ளைக்காரர் ஒருவர் ஆபீஸுக்கு வந்துவிட்டார். அவர் கிளம்பிப் போகும்வரை நான் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இது தெரியாத ஒரே ஆள், தின்கன்ஜூனில் எங்கள் தெருமுனையில் கேக் கடை வைத்திருக்கும் சீனத்து அம்மாள். அக்கா மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போன இடத்தில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பர்மியத்தில், "உங்க ஆளுங்கல்லாம் அந்தக் காலத்துலேயே வெள்ளைக்காரன்கூட வேலை பார்த்தவங்க. இங்கிலீஷ் ரத்தத்துலேயே இருக்கும், இல்லையா சயா?" என்றார்.

சயா என்றால் வாத்தியார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அது ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியது அவருடைய அண்ணன் மகளுக்கு, அவள்தான் அந்தப் பெண். பதினெட்டு வயது, பள்ளி இறுதி வகுப்பு. சிங்கப்பூரில் விமான எஞ்சின் பழுதுபார்க்கும் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். படிப்பதும் எழுதுவதும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. மாதிரித் தாள்களைக் கடித்துத் தின்றிருந்தாள். பேச்சுத் தேர்வுதான் பூதம். தேர்வாளர் எதிரே உட்கார்ந்து ஒரு அட்டையைக் கொடுப்பார். அதில் எழுதியிருப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். பிறகு அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். அதில் ஒன்பதுக்கு ஆறு வாங்கினால் சிங்கப்பூர். விண்ணப்பம் மூடுவதற்குள் அவளுக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு தேர்வுத் தேதி.

வாங்காவிட்டால் என்ன என்பதற்கும் அத்தை ஏற்பாடு செய்திருந்தார். ரோஸ் நிறத்தில் ஒரு புது ஏப்ரன் வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தார். சிங்கப்பூர் இல்லையென்றால் அதைக் கட்டிக்கொண்டு கேக் விற்க வேண்டும், அவ்வளவுதான். அத்தை கெட்டவர் இல்லை, பாசத்தோடுதான் வாங்கினார், பூப்போட்ட பாக்கெட்கூட இருந்தது. அந்தப் பெண் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலே கடைக்குள் நடக்கப் பழகியிருந்தாள்.

எனக்குச் சீனம் தெரியாது. அவளுடைய பர்மியம் காய்கறி வாங்கத்தான் காணும். ஆக எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது, இருவருக்கும் பேச வராத ஆங்கிலம். அவள் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். நான் சொன்னதைத் தமிழில் தருவது எனக்கே சலுகை.

முதல் நாள் அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"பதில் எழுதிக் கொடுங்க சயா. படிச்சிடறேன்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நானும் அப்படிப் படித்தவன்தான். எங்கள் பள்ளியில் ஐம்பது பேர் ஒரே குரலில் கத்துவோம். யார் கத்தினார்கள் என்பதுதான் கணக்கு, யாருக்குப் புரிந்தது என்பது கணக்கில்லை. அவளுடைய சீனப் பள்ளியிலும் அப்படித்தானாம். மொழி வேறாக இருந்தாலும் கத்துவதில் இரண்டு சமூகமும் ஒன்று.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஆங்கிலத்தில் எனக்குப் பொய் சொல்ல வராது, கன்டெய்னர் விஷயம் தவிர. அதனால் என் கதையையே எழுதினேன். மறக்க முடியாத குழந்தைப் பருவ நிகழ்ச்சியா? ஐந்து வயதில் மொட்டை போட்டது, மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது, வலி தாங்காமல் மாமாவின் கையைக் கடித்தது. திருவிழாவா? தீமிதி. பிடித்த உறவினரா? ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா. இப்படி இருபத்தொரு பதில்கள். அவள் ஒரு வார்த்தை விடாமல், நான் போட்ட கமாவுக்குக்கூட மூச்சு விட்டு, அப்படியே விழுங்கினாள்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது மாதிரித் தேர்வு ஒன்றுக்கு அவளை அழைத்துப் போனேன். தேர்வாளர் கண்ணாடி போட்ட ஒரு பர்மிய அம்மாள். அறைக்கும் எனக்கும் நடுவே ஒட்டுப்பலகைதான் சுவர், எல்லாம் கேட்டது. அட்டையில் குழந்தைப் பருவ நினைவு வந்திருந்தது. உள்ளே என் மொட்டை ஆரம்பித்தது. என் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இரண்டு நிமிடம் முடிந்ததும் அந்த அம்மாள் அமைதியாகக் கேட்டார்: காது குத்துவதற்கு ஏன் மாமா மடியில் உட்கார வேண்டும், அப்பா மடியில் உட்கார்ந்தால் ஆகாதா?

எனக்கு வெளியே வியர்த்தது. மாமாவின் உரிமை, சீர், தாய்வீட்டுப் பெருமை இதையெல்லாம் நான் எழுதவே இல்லையே. எழுதியிருந்தாலும் கப்பல் ஏஜெண்ட் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் கேட்டது. கேள்விக்குப் பதிலாக, கைவசம் இருந்த அடுத்த பதிலான தீமிதியை எடுத்து விட்டிருந்தாள்.

நாலரை. தாளின் அடியில் அந்த அம்மாள் ஒரு வரி எழுதியிருந்தார்: இது யாருடைய வாழ்க்கை என்று தெரியவில்லை, இந்த மாணவியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். தெருமுனையில் இறங்கியதும் நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்குங்க சயா. என் தலையில முடி இருக்கு."

சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள். எதிரே ரோஸ் நிற ஏப்ரன் தொங்கியது. இந்த முறை நின்று அதைப் பார்த்தாள். அதுதான் என்னை உலுக்கியது. எனக்குச் சயா பட்டம் வேண்டியிருந்தது என்பதற்காக ஒரு பெண்ணின் ஒரே தேதியைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மன்னிப்புக் கேட்கலாம் என்று காலையிலேயே போனேன். ஏழு விதமும் தயார். போன நேரம் மீ போய்விட்டது. மின்சாரத்தை நாங்கள் தமிழ் பேசும்போதும் மீ என்றுதான் சொல்வோம். வருவதைவிடப் போவதுதான் அதிகம் என்பதால் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. குளிர்பெட்டிக்குள் மத்தியானம் கொடுக்க வேண்டிய மூன்றடுக்குக் கிரீம் கேக். அத்தை தவித்தார். கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருந்தது. நான் இருக்கும்போது கவலை எதற்கு என்று சொல்லிக் கைலியை மடித்துக் கட்டினேன்.

கயிற்றை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். இருபது தடவை இழுத்ததில் கைலிதான் அவிழ வந்தது, எஞ்சின் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"எத்தனை தடவை இழுத்தீங்க?"

"இருபது இருக்கும்."

"சுவிட்சைப் போட்டீங்களா?"

"எந்த சுவிட்ச்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் கொட்டியது பாருங்கள்.

"நீங்க இழுத்தீங்க, பெட்ரோல் வந்துச்சு. சுவிட்ச் போடலை, நெருப்பு வரலை. மறுபடி இழுத்தீங்க, இன்னும் பெட்ரோல். பெட்ரோல், பெட்ரோல், பெட்ரோல். இப்ப உள்ள எல்லாம் குளிச்சுக் கிடக்கு. நீங்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ணலை சயா, முக்கி எடுத்திருக்கீங்க. தள்ளுங்க. அதைத் தொடாதீங்க. அதையும்தான்."

எல்லாம் ஆங்கிலத்தில். இலக்கணம் ஆங்காங்கே கீழே விழுந்தது, அதைப் பொறுக்க அவள் நிற்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டி முகரச் சொன்னாள். துடைத்துக் காயவைக்கும் நேரத்தில், ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். கேள்வி கேட்கும் உத்தியெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். சொன்னாள். அப்புறம் என்றேன். லாஷியோவில் அவளுடைய அப்பாவுக்கு லாரிப் பட்டறையாம். ஏழு வயதில் லாரிக்கு அடியில் படுத்திருக்கும் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாளாம். தவறான அளவைக் கொடுத்தால் அவர் திட்ட மாட்டார், காலால் மெதுவாகத் திருப்பித் தள்ளிவிடுவார். காலைப் பார்த்தே அப்பாவின் மனநிலை தெரியுமாம். முகத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் பார்ப்பாளாம்.

மூன்று வாரமாக இவளுக்கு நான் என் சித்தப்பாவைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அத்தை ஓடி வந்து, என்ன சண்டை என்று கேட்டார்.

"சண்டை இல்லை, பாடம் நடக்குது," என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். இவள் ஆங்கிலம் பேச இரண்டு வேண்டும்: பழுதான ஒரு பொருள், பக்கத்தில் ஒரு முட்டாள். இரண்டாவதற்குப் பஞ்சமே இல்லை. முதலாவதைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"டேய், நல்லாச் சோறாக்கிட்டிருந்த குக்கரை எங்கடா தூக்கிட்டுப் போறே?"

"ரிப்பேருக்குக்கா."

"அது ரிப்பேர் ஆகலியே."

"ஆயிரும்."

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மேசை விசிறி. புதன்கிழமை பக்கத்து வீட்டு இஸ்திரிப்பெட்டி. அதற்கு அக்கா போய் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஒவ்வொரு நாளும் ஆபீஸுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், கேக் கடைப் பின்கட்டில் அவள் பிரித்து மேய்வாள், நான் ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டு, ஏன், அப்புறம், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். அவள் பட்டறை வாடை, பள்ளிக்கூடம், விமானத்தை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தபோது அதன் வயிற்றில் இருந்த எண்ணெய்க் கறை எல்லாம் வந்தது. எதையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் அவள் மனப்பாடம் செய்துவிடுவாள் என்று பயம்.

வியாழக்கிழமை அக்காவின் மிக்ஸியைக் கொண்டு போனேன். அவள் திருப்பிப் பார்த்து, ஒரு ஸ்குரூவின் தலையை விரலால் தடவினாள்.

"இதை யாரோ கத்தியால திருகியிருக்காங்க. கைக்கு வேலை தெரியாத ஆள்."

நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சரியான ஸ்குரூ டிரைவரை என் கையில் திணித்து, எப்படிப் பிடிப்பது என்று கால் மணி நேரம் விளக்கினாள். ஆங்கிலத்தில்தான். நடுவே ஒரு இடத்தில் சிரித்தாள்.

தேர்வன்று நானும் அத்தையும் எதிர்ப்புறம் லஃபெயே கடையில், அதாவது டீக்கடையில், காத்திருந்தோம். அத்தை நாலு டீ குடித்தார், எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டதற்கு, முடிந்தது என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

முடிவு வந்த அன்று கடையில் மூன்று பேரும் அவள் ஃபோனைச் சுற்றி நின்றோம். பேச்சுக்கு ஆறரை. அத்தை அழுதார். அழுதபடியே ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்து மடித்தார். மடிக்கும்போது நிறுத்தி, என் இடுப்பை ஒருமுறை அளந்து பார்த்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். அந்தப் பெண் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்று அந்த ஆறரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சீனத்தில் இரண்டே வார்த்தை சொன்னாள். அந்தப் பக்கம் ஸ்பேனர் எதுவோ கீழே விழும் சத்தம் எனக்கே கேட்டது.

அட்டையில் என்ன வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். நீ உதவி செய்த ஒருவரைப் பற்றிப் பேசு என்று வந்ததாம். யாரைப் பற்றிப் பேசினாய் என்றேன். உங்களைப் பற்றித்தான் என்றாள். ஜெனரேட்டர், குக்கர், கத்தியால் திருகிய ஸ்குரூ எல்லாவற்றையும் சொன்னாளாம். தேர்வாளர் ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

என் மொட்டை இல்லாமலே நான் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். மெதுவாகக் கேட்டேன்:

"என்னைப் பத்தி நல்லதா ஏதாவது சொன்னியா?"

"ரெண்டு நிமிஷம்தான் கொடுத்தாங்க, சயா."