சுவர் மேல் சிவப்பு மக்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். மாடிக் கொடியில் கிடந்த துணிகளைத் தூறல் வலுப்பதற்குள் எடுத்து மடித்து வைத்தேன். நாளிதழ் படித்தேன், குளித்தேன், குடையைத் தேடி எடுத்தேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பும்போது, பக்கத்திலிருக்கும் அண்ணன் வீட்டுச் சுற்றுச்சுவரைப் பார்த்தேன். சிவப்பு பிளாஸ்டிக் மக் ஒன்று அதன் மேல் கவிழ்ந்திருந்தது. அண்ணி சமைக்கிறார் என்று அதற்குப் பொருள். அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு.

வெளியாருக்கு இதை விளக்க வேண்டும். ஊரின் ஓரத்தில் ஒரே வரிசையில் எங்கள் நான்கு வீடுகள். முன்பு ஒரு மழைக்காலத்தில் சாலையெல்லாம் தண்ணீர் நின்று, சிலிண்டர் வண்டி பல நாள் வரவில்லை. கடைசி வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வழியில்லாமல் நாற்காலியின் காலை உடைத்து எரித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணி அன்று சாப்பிடவில்லை. தண்ணீர் வடிந்ததும் நான்கு வீட்டுக்காரர்களையும் கூட்டிவைத்துப் பேசினார். அவரிடம் இரண்டு மாடுகள் இருந்தன. சாணம் அவருடையது, காய்கறிக் கழிவும் வடிகஞ்சியும் எல்லா வீட்டிலிருந்தும் வரும், அவர் கொல்லையில் கோபர் கேஸ் தொட்டி பொதுவாகக் கட்டி, நான்கு வீட்டு அடுப்புக்கும் குழாய் இழுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தினமும் விடியலில் அண்ணி சாணம் கரைத்து ஊற்றுவார். வாயு சேரச் சேரத் தொட்டியின் இரும்பு மூடி மெல்ல மேலே எழும்பும்.

ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் பற்ற வைத்தால் இரண்டு அடுப்பும் சுணங்கிவிடும். அதற்காகத்தான் மக். அது யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ அவர்கள் மட்டும் சமைக்கலாம். ஆரம்பத்தில் அவரவரே வந்து எடுத்துக்கொண்டு போனதில் சண்டை வந்தது. கடைசி வீட்டுப் பெண் ஒருநாள் அண்ணி வீட்டு வாசலில் நின்று, "எங்க வூட்டு சாம்பார் பாதி வெந்து நிக்குது. ஒங்க கொழுந்தனாருக்கு ரெண்டாவது டீ அவ்ளோ முக்கியமாக்கா?" என்று அண்ணியைக் கேட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே ஒரு சட்டம் போட்டார். மக்கை யாரும் போய் எடுக்கக் கூடாது. சமைத்து முடித்தவர்தான் அடுத்த வீட்டுச் சுவரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதன் பிறகு எங்களுக்குள் ஒரு சொல் வந்ததில்லை. அடுத்து வந்த வெள்ளத்தில் பக்கத்துத் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் எங்கள் அடுப்புகளில் பால் காய்ந்தது. அந்த நாட்களில் அண்ணி தன் முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஊறவைத்த அவலைச் சாப்பிட்டார்.

வாயு சில நாள் குறைந்தால் நான் அலுத்துக்கொள்வேன். "இன்னிக்கி கரைக்கிறது இன்னிக்கே எரியாது தம்பி. வாரக்கணக்குல ஆவும். இப்ப எரியறது போன மாசத்துது," என்பார் அண்ணி.

அன்று பதினோரு மணிக்கு மனைவி போன் செய்தாள். அண்ணி அடுப்படியில் உலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது உறவினர்கள் கூடியிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. வந்தவர்களுக்குக் காப்பி, டீ போடும் பொறுப்பைக் கடைசி வீட்டுப் பெண் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. கொல்லையில் தொட்டியின் மூடி நான் அதுவரை பார்த்திராத உயரத்துக்கு எழும்பி நின்றது. விளிம்பில் வாயு குமிழியிட்டு வீணாகிக்கொண்டிருந்தது. கேஸ் இருக்கும்போது ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அக்கா இன்னும் குடுக்கலியே," என்றாள். "எப்டிப் போயி எடுக்கறது?"

திரும்பிப் பார்த்தேன். மக் அண்ணி வீட்டுச் சுவரிலேயே இருந்தது. அதைக் கடந்துதான் அத்தனை பேரும் உள்ளே போய் வந்தார்கள். அதைக் கடந்துதான் மாலையில் அண்ணியைத் தூக்கிக்கொண்டு போனோம்.

இருட்டும் நேரத்தில் அண்ணன் என்னிடம், "மாட்ட வித்துடலாம்டா. இனிமே யாரு கரைப்பா?" என்றார். நான் கரைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணியின் வாளியை இன்னொருவர் தொடுவதை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. மற்ற மூன்று வீட்டிலும் அதே கேள்வியோடுதான் அன்று படுத்திருப்பார்கள்.

இப்போது அந்த மக் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. கைப்பிடி விட்டுப்போய் நூல் கட்டியிருக்கிறோம். புதியது வாங்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. மழை பலத்து சிலிண்டர் வராத நாட்களில் எங்கள் அடுப்பு எரிகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு அண்ணி இறந்த மறுநாள் காலைதான் நினைவுக்கு வருகிறது.

விடியலில் கொல்லையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணம் கரைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டிருந்தார். முழங்கை வரை சாணம். ஊற்றி முடித்துக் கை கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்தார். சுவரிலிருந்த மக்கை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த இலையைத் துடைத்தார். எங்கள் சுவரில் கொண்டுவந்து கவிழ்த்தார்.

"அவ சமைச்சு முடிச்சிட்டாடா," என்றார்.

நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அண்ணி போன மாதம் கரைத்தது நீலமாக எரிந்தது. பாலை ஏற்றினேன்.