களவெட்டிக்குள் விழுந்த பிளேன்

சுனாமி வந்த அன்று சாய்ந்தமருதுக் கரையில் காலிதீனுக்கு வீடும் போனது, பெண்சாதி அஸீஸாவும் போனாள். கரையில் திரும்பக் கட்டக் கூடாது என்று சட்டம் வந்தபோது அவன் ஒருவரோடும் வாதாடவில்லை. முகம்மது தம்பிப் போடியாரின் வயலில் முல்லைக்காரனாகச் சேர்ந்தான். விதைப்பு முதல் சூடடிப்பு வரை காவலும் வேலையும் அவனுடையது. வயல் நடுவே கிடந்த கிடுகு வாடிதான் வீடு. அதை விட்டால் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது.

போடியார் பழைய ஆள். வெட்டிக் குவித்த கதிர்ச் சூட்டை அடித்து முடியும்வரை, நெல்லடிக்கும் களவெட்டிக்குள் 'இல்ல' என்ற சொல்லை ஒருவரும் சொல்லக் கூடாது, சொன்னால் நெல்லில் பறக்கத்து நிற்காது, விளைச்சல் பெருகாது என்பார். மறந்து சொன்ன கூலியாள் ஒருவனை நின்ற நிலையிலேயே வேலையை விட்டுக் கலைத்துவிட்டார். அதிலிருந்து காலிதீன், அந்தச் சொல் தேவைப்பட்டால் வெளியே வரம்புக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவான்.

"என்ன காக்கா, ஒண்டுக்கா?" என்று கூலிக்காரர் சிரிப்பார்கள்.

சண்டை முடியப்போகிற வருசம், பெரும்போக வெட்டு நேரம். ஓட்டிப் பழகுகிற சின்னப் பிளேன் ஒன்று நாள்தோறும் வரும். எஞ்சின் நின்றால் வயலில் எப்படி இறக்குவது என்று படிக்கிறார்களாம். களவெட்டிக்கு நேரே தணிந்து வந்து, திரும்ப எழும்பிப் போகும். அன்று எழும்பவில்லை. சில்லு கதிர்ச் சூட்டில் பட்டு, களவெட்டிக்குள்ளேயே மல்லாந்து விழுந்தது.

பெற்றோல் மணத்தது. காலிதீன் வைக்கோல் கிளறும் கம்பால் கதவை நெம்பி, தலைகீழாகத் தொங்கிய சிங்களப் பெடியனை இழுத்தெடுத்தான். சாரனைக் கிழித்து அவன் முறிந்த காலைக் கட்டினான். பெடியனுக்கு நினைவு தப்பியிருந்தது.

ஆமிக்காரர் வந்து வாடியைக் கிளறினார்கள். யானை விரட்டக் கொளுத்தும் யானைவெடி அகப்பட்டது. எந்த வாடியில்தான் கிடக்காது?

"பிளேனுக்கு வெடி போட்டது நீதானே?"

காலிதீன் சூட்டடியில் நின்றான். ஓம் என்று சொல்ல வழியில்லை. மற்றச் சொல்லை நின்ற இடத்தில் சொல்ல நாக்கு வரவில்லை. பழக்க தோசத்தில் வரம்பைப் பார்த்து ஓடினான். துவக்குப் பிடி பிடரியில் விழுந்தது.

போடியார் வந்து சேர்ந்தபோது அவனைக் கட்டி வைத்திருந்தார்கள். "இவன் ஏன் ஓடினான்?" என்று ஆமிப் பெரியவன் கேட்டான். ஏன் என்று போடியாருக்குத் தெரியாதா? அவர் வரம்பில் நின்றுகொண்டு, முறைப்படியே சொன்னார்:

"இவன எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்ல சேர்."

பிளேன் பெடியன் சுகமாகி, பிழை தன்னுடையதுதான் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அப்போது அடுத்த போகம், சின்னப்போக வெட்டு. காலிதீன் வயலுக்கு வந்தான். வாடியில் வேறொருவன் சோறாக்கிக்கொண்டிருந்தான். காலிதீனின் சட்டிபானை வெளியே வெயிலில் கிடந்தது. களவெட்டியில் புதுச் சூடு ஆளுயரத்துக்கு மேல் நின்றது.

"அட, காலிதீனா! வா வா. எல்லாம் அல்லாட நாட்டம். வேற ஆள் போட்டுட்டன், மனசில வைக்காத. சாப்பிட்டியா?" என்றார் போடியார்.

காலிதீன் வரம்பில் நிற்கவில்லை. செருப்போடு களவெட்டி நடுவுக்குப் போய்ச் சூட்டில் கை வைத்தான்.

"இல்ல போடியார்."

"டேய், வெளிய போய்ச் சொல்லுடா!"

"சாப்பிடயும் இல்ல. வாடியும் இல்ல. என்னத் தெரியும் எண்டு சொல்ல ஒரு மனிசனும் இல்ல."

கூலிக்காரர் கையிலிருந்த கதிர்க்கட்டைக் கீழே போட்டார்கள். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. காலிதீன் சட்டிபானையைத் திரும்பியும் பாராமல் றோட்டுப் பக்கம் நடந்தான்.