மேயரின் முத்திரை

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் உரிமை மாமாவுக்கு மட்டும்தான். தம்பி என்பதால் அம்மாவும் கண்டுகொள்ள மாட்டாள்.

தென்காசியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த வருடம், என்னை ஐந்தாம் வகுப்பில் சேர்க்க வசிப்பிடச் சான்று கேட்டார்கள். வாடகை வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இல்லை. வார்டு கவுன்சிலர் சேச்சி கையை விரித்துவிட்டார். "நிங்ஙளெ எனிக்கு அறியில்லல்லோ. அறியுன்ன ஒராளைக் கூட்டிட்டு வா." அவருக்கு எங்களைத் தெரியாதாம்; தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். மறுநாளே கடைசி நாள். தவறினால் ஒரு வருடப் படிப்பு போச்சு. அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா போர்ட் கொச்சி விடுதியொன்றில் சமையல்காரர். காலையில் அங்கிருந்து ஒரு ஜெர்மன் பெரியவரை ஆட்டோவில் கூட்டி வந்தார். மழைக்கால எண்ணெய் வைத்தியத்துக்கு வந்தவர். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுபவர்.

"இவர் அவங்க ஊரு மேயரு, அக்கா. மேயர் சொன்னா கவுன்சிலர் கேக்கணும்ல?"

அந்த ஊரில் மொத்தம் முந்நூறு பேர், ஒரு தேவாலயம், ஒரு தீயணைப்பு வண்டி. பழைய சண்டைகளில் இருமுறை எரிந்து, இருமுறை எழுந்த ஊராம். மேயருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் தச்சுவேலை, மாலையில் ஊர்வேலை. இதையெல்லாம் மாமா தன் அரைகுறை மலையாளத்தில் சேச்சிக்குச் சொன்னார்.

"அவிடெ ஓடை அடஞ்ஞால் ஆரு வரும்?" என்று, சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் வருவார் எனச் சேச்சி கேட்டார். தானே சைக்கிளில் போய்ப் பார்ப்பதாகப் பெரியவர் சொல்ல, சேச்சி சிரித்துவிட்டார். பிறகு சாக்கடை, தெருவிளக்கு, ஓட்டுப் போட்டவர்களின் வசவு என்று அரைமணி நேரம் இருவரும் உறவுக்காரர்கள்போலப் பேசினார்கள். கடைசியில் எங்களைத் தெரியும் என்று பெரியவர் ஒரு தாளில் எழுதி, சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். சேச்சி அதை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் சான்றில் கையெழுத்திட்டார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அம்மா வாசலிலேயே அழுதுகொண்டு சிரித்தாள். மாமா எல்லோருக்கும் சாயாவும் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியும் வாங்கித் தந்தார்.

கடையில் என் புது நோட்டிலும் முத்திரை குத்தச் சொன்னேன். குத்தினார். வட்டத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அவர்கள் ஊர் ஆறு என்று நினைத்து அதில் இரண்டு மீன்கள் வரைந்து காட்டினேன். நோட்டை வாங்கியவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை. அவரே வைத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அன்று பெரியவர் சொல்லி, தான் மொழிபெயர்க்காமல் விழுங்கிய ஒரு வாக்கியத்தை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் மாமா சொன்னார். அந்த ஊரை அதற்கு முன்பே பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அவர்தான் கடைசி மேயர். முத்திரை இனிச் செல்லாது என்பதற்காக அதன் நடுவே கத்தியால் கீறிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மீன் விட்டது அந்தக் கீறலில்.