பெரியப்பாவுக்குப் போன போன்லெஸ் பங்கு

நேத்து ஒரு ஆட்டுத்தொடையை முதுகுல கட்டிக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடந்தேன்!

(ஜிம் சேலஞ்ச் எல்லாம் இல்லைங்க. குலசாமி கும்பிடப் போன எடத்துல வந்த வேலை.)

எங்க குலசாமி கோயில் உசிலம்பட்டி தாண்டி ஒரு மலையடிவாரத்துல இருக்கு. கடைசி நாலு கிலோமீட்டருக்கு ரோடே கெடையாது, கல்லும் முள்ளும்தான். பைக்கை ஊருக்குள்ள விட்டுட்டு நடக்கணும்.

வருசா வருசம் அங்க கிடா வெட்டுவோம். அதுல ஒரு முழுப் பின்னந்தொடை குடும்பத்துல மூத்தவருக்குப் பங்கு. அதாவது எங்க பெரியப்பாவுக்கு.

மூணு வருசத்துக்கு முன்னாடி எங்கப்பா அதை எடுத்துவைக்க மறந்துட்டாரு. மொத்தக் கறியும் கொழம்புக்குப் போயிருச்சு.

பெரியப்பா துண்டை உதறித் தோள்ல போட்டாரு, கெளம்பிட்டாரு.

அன்னையில இருந்து அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்துப் பக்கத்து எலையில உக்காந்து, ரெண்டு பேரும் சாம்பாரைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு எந்திரிச்ச கதையெல்லாம் இருக்கு!

இந்த வருசமும் பெரியப்பா வரல. கறி வெட்டுனதும் அப்பா மொத வேலையா ஒரு முழுத்தொடையை எடுத்து என் கையில குடுத்தாரு.

"பழங்காநத்தம் போயி ஒங்க பெரியப்பன் கையில குடுத்துட்டு வா. வெயிலு கொல்லுது, கெட்டுப்போகாமக் கொண்டுபோ. லேசா வாடை வந்தாலும் நான் வேணும்னே பண்ணேன்னு நெனச்சிருவாரு."

சொல்லிட்டு மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

ஆனா நான் யாரு? ஆனையூர்ல உக்காந்து லேப்டாப் தட்டுற விஞ்ஞானி ஆச்சே!

போன வாரம்தான் ஒரு வீடியோ பாத்திருந்தேன். அமெரிக்காவுல எல்க்னு ஒரு மான். நம்ம காளைமாடு அளவுக்கு இருக்கும். அதை வேட்டையாடிட்டு, காட்டுக்குள்ள இருந்து கறியை முதுகுல சுமந்துக்கிட்டே வெளிய வாராங்க.

அதுல ஒருத்தன் சொன்னான், எலும்பை ஒட்டி இருக்குற கறிதான் மொதல்ல கெடுமாம். அதனால எலும்பை எடுத்துட்டு, காத்துப் போற மாதிரி காட்டன் துணியில கட்டணுமாம்.

நேரா கறி வெட்டுற அண்ணன்கிட்ட போயிட்டேன். "அண்ணே, இதுல எலும்பை மட்டும் எடுத்துருங்க."

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "தம்பி, இது பங்குக்கறியில்ல? அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சுண்ணே."

(கேக்கல.)

எலும்பைக் கொழம்பு அண்டாவுல போட்டாரு. துண்டுதுண்டா வந்த கறியை என்னோட புது வேட்டியில கட்டி முதுகுல போட்டுக்கிட்டேன். நெழலு கண்ட எடத்துல எல்லாம் நின்னு மோந்து பாத்தேன். எதுக்க வந்த ஆடு மேய்க்கிற அக்கா, "என்ன தம்பி, பிள்ளையவா தூக்கிட்டுப் போற?"ன்னு கேட்டுச்சு. அம்புட்டு அக்கறையா சுமந்தேன்!

அப்புறம் பைக்ல ஒண்ணேகால் மணி நேரம். பழங்காநத்தம் வந்து சேரும்போது கறி இப்பத்தான் வெட்டுன மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

பெரியப்பா ஹால்லதான் இருந்தாரு. "அப்பா குடுத்துவிட்டாரு"ன்னு மூட்டையை நீட்டுனேன். ரெண்டு கையாலயும் வாங்குனாரு.

முடிச்சை அவுத்தாரு. பாத்தாரு. கறியைப் பெரட்டிப் பெரட்டிப் பாத்தாரு.

"எலும்பு எங்கடா?"

"எடுத்துட்டேன் பெரியப்பா! போன்லெஸ்!"

மொகம் அப்படியே சுருங்கிப்போச்சு. "பங்குன்னா முழுத்தொடையா வரணும். துண்டுதுண்டா வந்தா அது மிச்சம்டா. ஒங்கப்பன் எனக்கு மிச்சத்தை அனுப்பியிருக்கான்."

போச்சு! மூணு வருசப் பகையை முப்பது வருசப் பகையா ஆக்கிட்டேன்.

"ஐயோ பெரியப்பா, அப்பா முழுசாத்தான் குடுத்தாரு, இது என் வேலை"ன்னு கத்துறேன், காதுலயே வாங்கல. வேற வழியில்லாம அப்பாவுக்கு போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு, விசயத்தைச் சொன்னேன்.

"எலும்பை எடுத்தியா? எவன்டா எடுக்கச் சொன்னது?"

"அது... ஒரு அமெரிக்காக்காரன்ப்பா."

அதுக்கப்புறம் வந்த வார்த்தையை எல்லாம் இங்க எழுத முடியாது. நடுவுல பெரியப்பா தன்னையும் அறியாம போன் பக்கத்துல வந்துட்டாரு.

"ஏன்டா, நெசமா முழுசாத்தான் குடுத்துவிட்டியா?"

அப்பா குரல் மெதுவா வந்துச்சு.

"ஆமாண்ணே. மொத வெட்டே ஒங்களுக்குத்தாண்ணே எடுத்தேன்."

"அப்ப எலும்பு எங்கடா போச்சு?"

"கொழம்புல போட்டாச்சு பெரியப்பா"ன்னு நான் சொன்னேன்.

அப்பா பதறிட்டாரு. "அடப்பாவி! அப்ப இப்ப நான் உறிஞ்சிக்கிட்டு இருக்குற நல்லி எங்க அண்ணனோடதா?"

பெரியப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. அடுப்படியில இருந்து எட்டிப் பாத்த பெரியம்மா முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. அப்புறம் அண்ணனும் தம்பியும் சேந்து என்னையத் திட்டுனாங்க பாருங்க, பத்து நிமிசம், மாத்தி மாத்தி! வாழ்க்கையில இம்புட்டு சந்தோசமா நான் திட்டு வாங்குனதே இல்ல.

கடைசியா அப்பா கேட்டாரு. "அண்ணே... கறி வாடை ஏதும் வருதா?"

பெரியப்பா ஒரு துண்டை எடுத்து மோந்து பாத்தாரு. "இல்லடா. நல்லாத்தான் இருக்கு. நீ கெளம்பி வா, சேந்து திம்போம்."

அப்பா வந்து சேர மூணு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் பெரியம்மா வச்ச கறிச்சட்டிக்குப் பக்கத்துலயே என்னைய விடல. பசிக்குதுன்னு சொன்னதுக்கு ரசஞ்சோறு!

ஒரு குடும்பத்தையே சேத்து வச்சவனுக்கு ரசஞ்சோறு. இது நியாயமா? நீங்களே சொல்லுங்க மக்களே!