பாலாடையில் ஒட்டிய மருந்து

நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே அங்கே படிக்கும் சீனியர் ஒருத்தி போனில் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். சேர்ந்ததும் மருந்துக் கணக்கில் ஒரு தேர்வு உண்டாம். அதில் ஒரு கணக்கு தப்பினாலும் வார்டுக்குள் விடமாட்டார்களாம். நானோ பத்தாவதோடு கணக்குக்கு ஒரு கும்பிடு போட்டவள். நான் நர்சிங் படிப்பதில் அம்மாவுக்கும் அரை மனதுதான். கூட்டல் கழித்தலே தகராறு, இவள் கையில் ஊசியைக் கொடுத்தால் யார் உயிர் தப்பும் என்று வடக்கே நாங்கள் குடியிருந்த மயூர் விஹாரில் எங்கள் மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி திறப்பதற்குள் ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். யூடியூபில் ஒரு மலையாள டீச்சர் ஹிந்தியில் சொல்லிக்கொடுத்தார். முதலில் தலை சுற்றியது. பிறகு ஒரு காலை, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, சட்டென்று பிடிபட்டது. டாக்டர் கொடுக்கச் சொன்ன அளவைக் கையிலிருக்கும் மருந்தின் வீரியத்தால் வகுக்க வேண்டும், அது எத்தனை மில்லியில் கரைந்திருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். அவ்வளவுதானா! எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடக் கணக்கில் ரயில் ஓடும், தொட்டி நிரம்பும், எனக்கென்ன வந்தது என்றிருக்கும். இதில் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒரு ஆள் கட்டிலில் படுத்திருந்தார். அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரையும் விட்டுவைக்கவில்லை. மருந்துக்கடைக்கார பையாவிடம் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிவந்து, குங்குமம் கரைத்த தண்ணீரை இழுத்து இழுத்து அளந்தேன். அப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டையைப் பிடுங்கிக் கணக்குப் போட்டேன். பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு எங்களுடன் இருந்த அக்கா, லேடி டாக்டர் வருகிறார், வழி விடுங்கள் என்று நக்கலடித்தாள்.

அந்த வாரமே குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள். மறுநாள் காலையில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தால் கொடுக்கச் சொல்லி டாக்டர் முன்பே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார், ஒரு வேளைக்குப் புள்ளி ஆறு மில்லி. குழந்தையின் எடையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். பொருந்தி வந்தது. அளவு சரி என்று நான் அறிவித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா சொட்டுக் குழாயில் அளந்த மருந்தை வெள்ளிப் பாலாடையில் விட்டு, குழந்தையை மடியில் கிடத்தி, அந்தச் சின்னக் கிண்ணத்தின் மூக்கு வழியாக அதன் வாயில் புகட்டினாள். பாலோ மருந்தோ, எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாலாடையில்தான். அக்காவும் நானும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

வெகுநேரம் ஆகியும் உடம்பு கொதித்தது. குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது, அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. நான் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அதே விடைதான். அப்போது கழுவாமல் கிடந்த பாலாடை கண்ணில் பட்டது. அடியிலும் மூக்கிலும் மருந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. எனக்குப் பரபரப்பாகிவிட்டது. அதைக் கழுவித் துடைத்து, அதே மருந்தை அதே அளவு விட்டு ஒரு கிண்ணத்தில் சாய்த்து, வழிந்ததைச் சிரிஞ்சில் இழுத்துப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பாலென்றால் நாலு துளி ஒட்டினால் தெரியாது. இந்த மருந்தே சில துளிகள்தானே! அம்மா நம்பாமல் தானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள், அவளுக்கும் அவ்வளவுதான் வந்தது. கண்டுபிடித்துவிட்ட குதூகலத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதற்குள் அக்கா மருந்து பாட்டிலைத் திறந்துவிட்டாள்.

"பாதிதானே உள்ள போயிருக்கு? மீதிய இப்பவே குடுத்துடலாம். நீதான கணக்குப் போடுற, எவ்ளோன்னு ஜல்தி சொல்லுடி."

பென்சிலை எடுத்தேன். எழுத ஓடவில்லை. இப்போது சாய்த்தது கிண்ணத்தில், காலையில் அம்மா சாய்த்தது குழந்தையின் வாயில். அவள் விரலால் வழித்துவிட்டாளா, குழந்தை எவ்வளவு துப்பியது, துணியில் எவ்வளவு போனது, யாருக்குத் தெரியும்? உள்ளே போனது தெரியாமல் மீதியை எப்படிச் சொல்வது? கூடிப்போனால் இந்தச் சின்ன உடம்பு தாங்குமா? அத்தனை நாளில் முதல்முறையாக எனக்குப் பயமாக இருந்தது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா. இப்பக் குடுக்காத. டாக்டரக் கேப்போம்."

டாக்டர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேற்கொண்டு ஒரு சொட்டும் வேண்டாம், அடுத்த வேளை வரை பொறுங்கள் என்றார். துணியைத் தளர்த்தி, பாலைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், காய்ச்சல் ஏறினால் உடனே தூக்கி வர வேண்டும். அடுத்த வேளை மருந்தைச் சொட்டுக் குழாயாலேயே கன்னத்துக்குள் விடச் சொன்னார். அந்த வேளை வந்ததும் அம்மா குழாயை என்னிடம் நீட்டினாள். நான் விட்டேன், குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது. விளக்கு வைப்பதற்குள் நெற்றி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் குழந்தையைக் காட்டக் கிளினிக்குக்குப் போனோம். இரண்டாம் முறை கொடுக்காமல் தடுத்தது வீட்டில் யார் என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். அக்கா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் தலையை ஆட்டினாள்.

"மேரி பெஹன். நர்ஸ் ஹை."

என் தங்கை, நர்ஸ் என்கிறாள்! கல்லூரி திறக்க இன்னும் நாள் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.