போர்மேன் அண்ணாச்சியின் பங்குனிப் பட்டியல்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தன்னுடைய மைக்ரோமீட்டரை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுகிற லேத்துக்காரன் சாக முடிவெடுத்துவிட்டான் என்று நான் நம்பினேன். சும்மா சந்தேகம் இல்லை, முழு நம்பிக்கை. நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, பத்து நாள் அந்த நம்பிக்கையோடு சாப்பிட்டேன், அந்த நம்பிக்கையோடு தூங்காமல் கிடந்தேன்.

அந்த மைக்ரோமீட்டர் நீல நிறப் பெட்டிக்குள் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கும். ஒரு தலைமுடியின் கனத்தைக்கூட அளந்து சொல்லும் கருவி. பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையில் போர்மேன் அண்ணாச்சியைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டுத் தூக்கைப் பகிர்ந்துகொள்வார்கள், மழைக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள், அளவுக் கருவியை மட்டும் இரவல் தர மாட்டார்கள். ஒரு கை பழகிய கருவி இன்னொரு கைக்குப் போனால் அளவு பிசகிவிடும் என்று பேச்சு. பட்டறையில் யாராவது இறந்தால், காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டார் அந்தக் கருவியைக் கொண்டுவந்து யாருக்காவது கொடுப்பார்கள். உயிரோடு இருப்பவர் கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்படியிருக்க, மாசிக் கடைசியில் ஒரு காலை அண்ணாச்சி அந்த நீலப் பெட்டியை என் லேத்தின்மேல் வைத்தார். “வச்சுக்கிடுலே. தூசி அடையாமப் பாத்துக்கோ” என்றார். அன்றோடு வேலையையும் விட்டார்.

அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. புன்னக்காயல்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, இரும்பு வேலைக்குப் பேட்டைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்து நான்கு வருடமாகியிருந்தது. ஒரே மகன் கப்பலில் வேலை பார்த்தான், வருடத்துக்கு ஒருமுறை வருவான். பெட்டியைக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அவரை பஸ் நிலையத்தில் பார்த்தேன். கையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் தருகிற பெரிய காகித உறை. என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “என்ன அண்ணாச்சி, பொண்ணு போட்டோவா?” என்று கேட்டேன். நான் ஒரு கேலி சொன்னால் அதைவிட மோசமாக ஒன்று சொல்லி என் வாயை அடைக்கிற மனிதர் அவர். அன்று எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

பங்குனி பிறந்த முதல் வாரத்தில் வீட்டுக்கு வந்தார். கிழித்த காலண்டர் தாள் ஒன்றை நீட்டினார். “ரெண்டு நாள் லீவு போடு. ஆத்தைப் பிடிச்சிக்கிட்டே மேக்கயிருந்து கிழக்க போவோம்” என்றார். தாளின் பின்புறம் அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல்: அம்பாசமுத்திரம் படித்துறையில் குளியல், பிசான நெல் அறுப்பு, நயினார் குளத்தில் பறவை அடைவது, ஓலைப் பட்டையில் பதநீர், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். கடைசியில் முகத்துவாரம். அதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு. பங்குனியில் நம் பக்கம் வருகிற எவரும் எழுதக்கூடிய பட்டியல்தான். கோடையின் வாசல் அது. ஆறு இளைத்துத் தெளிந்திருக்கும், வேம்பு பூத்திருக்கும், வெயிலுக்கு இன்னும் முழுக் கோபம் வந்திருக்காது. ஆனால் எனக்கு அது உல்லாசப் பயணத் திட்டமாகத் தெரியவில்லை. தண்ணீரில் தொடங்கித் தண்ணீரில் முடிகிற ஓர் ஏற்பாடாகத் தெரிந்தது. மைக்ரோமீட்டர், ஆஸ்பத்திரி உறை, இரண்டு கோடு. மூன்றையும் கூட்டினேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் நான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் மனைவியிடம் சொன்னேன். “அவரு ஊரு பாக்கக் கூப்பிடுதாரு. நீங்க எழவு வீட்டுக்குக் கெளம்புத மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க” என்றாள். அவளுக்குத் தெரியாமல் பத்தடி நைலான் கயிற்றை இடுப்பில் சுற்றி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் தண்ணீரில் போனால் வீசிப் பிடிக்கலாம் என்று திட்டம். கயிறு சுற்றியதில் வயிறு முன்னால் தள்ளியது. “ஏலே, மாசமா இருக்கியா?” என்றார் அண்ணாச்சி. பழைய அண்ணாச்சிதான் என்று ஒரு நிமிடம் நிம்மதியானேன். அடுத்த நிமிடம் தன் பைக் சாவியை என்னிடம் நீட்டினார். அந்த வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து நான் கண்டதில்லை. சாவியையும் கொடுத்தாயிற்று என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அம்பாசமுத்திரம் படித்துறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பைய இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மேற்கே மலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். திறந்து மறுபடி பார்த்தார், மறுபடி மூடினார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். தண்ணீர் எங்கள் இருவரையும் தாண்டிச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் ஆழத்துக்கு மேல் என் வாழ்நாளில் நான் இறங்கியதில்லை, நீச்சலும் தெரியாது. இருந்தாலும் அவருடைய துண்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே குளித்தேன். “எதுக்குலே துண்ட இழுக்க?” என்று கேட்டார். “அழுக்கா இருக்கு அண்ணாச்சி, அலசுதேன்” என்றேன்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் மட்டன் குழம்பை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். கறிக்காகப் பரோட்டாக் கடை வாசலில் கால்கடுக்க நிற்கிறவர், கறியை வேண்டாம் என்றார்! கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். “ஆசையெல்லாம் விட்டுட்டாரு” என்றேன். “இன்னைக்கு வெள்ளிக்கிழம. அவங்களுக்குத் தவக்காலம். நம்ம எதுத்த வீட்டு டீச்சரும் கறி வைக்கல. போனை வைங்க” என்றாள். திரும்பி வந்து பார்த்தால் அண்ணாச்சி இரண்டாம் தடவை ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். சாகப் போகிறவன் ரசத்தை மறுபடி கேட்பானா? இந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்தை ஓட்டினேன்.

வயலில் அறுப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதன் பின்னால் கொக்குகள். வரப்பில் நின்று தலையை முழுவதுமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவரே ஒரு கொக்கு மாதிரி. வைக்கோலை அள்ளி முகர்ந்தார். பறவை அடைகிற நேரத்தில் நயினார் குளத்தின் கரையிலும் அதே கதை. பார்ப்பது, மூடுவது, மறுபடி பார்ப்பது. வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டபோது வாசல் கம்பியில் இடித்துக்கொண்டார். உள்ளே போனதும் அவர் கழற்றி மாட்டிய சட்டையின் பையைத் துழாவினேன். மாத்திரை ஏதாவது இருந்தால் எடுத்து எறிந்துவிடலாம் என்று. இருந்தது இருமல் மிட்டாய். அதையும் எறிந்தேன்.

மறுநாள் கிழக்கே. பதநீர்க்காரர் பட்டையில் ஊற்றினார். அண்ணாச்சி இரண்டு பட்டை குடித்தார், நான் பயத்தில் நான்கு குடித்துவிட்டேன். ஆத்தூர்க் கொடிக்காலின் நிழலுக்குள் போனதும் சட்டென்று நின்று, “இருட்டா இருக்குலா?” என்றார். பச்சை வெளிச்சம் கொட்டிக்கிடந்த இடம் அது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

புன்னக்காயலில் அவருடைய தங்கை மாப்பிள்ளை தன் படகோடு, அவர்கள் பேச்சில் வல்லத்தோடு, காத்திருந்தார். ஒருவருக்கொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். மதியம் திரும்பிய வேளை. கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது, ஆற்றின் கடைசித் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. மேலே பளபளப்பு, அடியில் இழுவை. எங்களை ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்ததும் மச்சான் இயந்திரத்தை நிறுத்தினார். நான்கு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடாகக் கண்ணைக் கூசவைத்தது. அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் கழுத்துச் சிலுவையையும் கழற்றி, ஒன்றன்பின் ஒன்றாக என் கையில் கொடுத்தார். “புடி” என்றார். அவ்வளவுதான். பக்கவாட்டில் சரிந்து இறங்கினார். தலை முங்கியது.

நான் எண்ணினேன். ஏழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் நீந்துகிறவர் அவர் என்பதும், மச்சான் பீடி பற்றவைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. “அண்ணாச்சீ!” என்று கத்திக்கொண்டு குதித்தேன். கயிற்றின் மறுமுனையை எதிலாவது கட்டவேண்டும் என்கிற விஷயம் தண்ணீருக்குள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அது இடுப்பிலிருந்து அவிழ்ந்து இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. உப்பும் சேறும் வாய்க்குள் வந்தன. ஒருமுறை மேலே வந்தேன். அண்ணாச்சி எனக்குப் பத்தடி தள்ளி மிதந்துகொண்டிருந்தார். முகம் என் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது.

“எங்கலே இருக்க? சத்தம் குடு!” என்று கத்தினார்.

நான் கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. வேகமாக நீந்திவந்து, நான் நீட்டிய கைக்கு ஒரு முழம் தள்ளி என்னைத் தாண்டிப் போனார். அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. வாய் முழுக்கத் தண்ணீர், சத்தம் வரவில்லை. “எடது கைப் பக்கம், மச்சான்! எடது கை! தாண்டிட்டீரு, திரும்பும்வே!” என்று வல்லத்திலிருந்து மச்சான் அலறியது, நான் கீழே போகப் போகத் தேய்ந்து கேட்டது.

பிறகு யாரோ என் தலைமுடியைப் பிடுங்கினார்கள்.

வல்லத்தில் குப்புறப் போட்டு முதுகில் மிதித்தார்கள். பதநீர் நான்கு பட்டையும் வெளியே வந்தது. “கிறுக்குப் பயலே, என்னத்துக்குலே குதிச்ச?” என்று அண்ணாச்சி கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைக்ரோமீட்டர், உறை, சாவி, கறி, இருமல் மிட்டாய். மச்சான் சிரிக்க ஆரம்பித்து, அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் வல்லம் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“சாகுததுக்கு நான் எதுக்குலே ஒன்னக் கூட்டிட்டு வாரேன்? நீ பேசியே கெடுத்திருவ” என்றார் முதலில். பிறகு சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வந்திருக்கிறது. வலி இல்லாததால் வெகுநாள் தெரியவே இல்லை. “ரெண்டு பக்கமும் போச்சு. நடுவுல மட்டும், துளை போட்ட கட்டைக்குள்ள எட்டிப் பாக்குத மாதிரி இத்துனூண்டு தெரியுது. வெயிலு கூசுனா அதுவும் இல்ல. லேத்துல இரும்பப் புடிச்சிச் சுத்துத சக்குக்குப் பக்கத்துல என் கை போனது எனக்கே தெரியல, பாத்துக்க. அன்னைக்குத்தான் வேலைய விட்டேன்.” போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் பிடித்துவைக்கப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதனால் மிச்சம் இருக்கும்போது ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். கண்ணைத் திறந்து திறந்து மூடியது, பார்த்தது மனதில் நின்றதா என்று சரிபார்க்க. ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை எடுக்கிற மனிதர் அவர். முகத்துவாரத்தில் முங்கியது, பார்க்காமலே அந்த இழுவையை உடம்பால் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்க்க. “இனி இதுக்குள்ளதான கெடக்கணும்” என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ பகிடி பண்ணுவ. நானும் சிரிச்சிருவேன்” என்றார். மகனுக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த பங்குனிக்குள் அந்தத் துளையும் அடைபட்டுவிட்டது. இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை, வேம்பு பூக்கிற சமயத்தில், அவரைப் பின்னால் உட்காரவைத்து அதே வழியில் போகிறேன். படித்துறையில் இறங்கியதும், “மலை எப்படிலே இருக்கு?” என்று கேட்பார். “அங்கனயேதான் அண்ணாச்சி இருக்கு” என்பேன். “ஒழுங்காச் சொல்லு மூதி” என்பார். நான் ஒழுங்காகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இடையிடையே கேலி செய்வதும் உண்டு. ஆனால் முகத்துவாரத்துக்கு மட்டும் போவதில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், நான் வர மாட்டேன் என்றுவிட்டேன்.

அதற்குக் காரணம் மச்சான் பிற்பாடு தனியாகச் சொன்ன ஒரு விஷயம். அண்ணாச்சி என்னைக் கண்டுபிடித்துத் தூக்கினார் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடந்தது அப்படியல்ல. நான் முங்கிய பிறகு எந்தப் பக்கம் கை காட்டுவது என்று மச்சானுக்கே தெரியாமல் போயிற்று. அண்ணாச்சி சும்மா கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். இரண்டு தடவை ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது தடவை அகப்பட்டது என் முடி.