அவர் முதுகிலிருந்த கட்டி

ஐந்தாவது வரைதான் படித்தவள் நான். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது மறக்கவில்லை. டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரரிடம் மாற்றிச் சொன்னேன். தெரிந்தே பொய் சொன்னேன்.

சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் பெட்டி சுமந்தவர் அவர். மிஷின் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. தோளுக்குக் கீழே முதுகில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. பிதுக்கினால் புளித்த மாவு மாதிரி வெள்ளையாக வரும், நாறும்.

மகன் வீடு சின்னது. பேரப்பிள்ளைகள் வந்தபின் அவர் வாசல் பக்கம் படுப்பார், நான் உள்ளே. இந்த வயதில் பக்கத்தில் போய் உட்கார எனக்குக் கூச்சம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் முதுகைக் காட்டி உட்காருவார். "பாரும்மே, ரொம்பிக்கிச்சா?" என்பார். பிதுக்கிவிடுவேன். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்... கட்டி இருக்கிறதே.

மகன் சொன்னதால் நாங்கள் இருவரும் திருப்பதிக்குப் போய்க் காட்டினோம். இவர் காதில் விழாததால் டாக்டர் என்னிடம் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். இது கொழுப்பு இல்லையாம், தோலுக்கு அடியில் ஒரு பையாம். அழுக்காக உதிரவேண்டிய தோல் உள்ளே அந்தப் பையில் சேர்ந்துகொண்டே போகுமாம். பெட்டி உரசிய பழைய காயத்தாலும் வரலாமாம். தலையில் வருவது வேறு வகை, அதற்குப் புள்ளி இருக்காது, சில குடும்பங்களில் வழிவழியாக வரும். வெளியே மணிக்கட்டில் உருண்டையோடு காத்திருந்த இன்னொரு அம்மாவுக்கு உள்ளே கூழ் மாதிரி நீர், அது தோல் கட்டியே இல்லை. பிதுக்கினால் பை போகாது, திரும்ப நிறையும், உள்ளேயே உடைந்தால் சீழ் வைக்கும். சின்ன ஆபரேஷனில் பையோடு எடுத்துவிடலாம் என்றார்.

பஸ்ஸில் இவர் கேட்டார். "இன்னா சொன்னாரு?"

காதருகே சொன்னேன். "ஒண்ணும் இல்லியாம். அப்பப்ப பிதுக்கி வுட்டா போதுமாம்."

"அதச் சொல்ல ஒரு டாக்டரா? நம்ம ஊட்லயே ஒருத்தி கீறாளே" என்று சிரித்தார்.

கத்திக்குப் பயந்தா சொன்னேன்? அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. பையை எடுத்துவிட்டால் சனிக்கிழமை எனக்கு என்ன இருக்கிறது?

போன மாதம் என் விரலுக்கு அடியிலேயே கட்டி உள்பக்கமாக உடைந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை. சிவந்து வீங்கி, காய்ச்சலோடு குப்புறக் கிடந்தார். அதே டாக்டர் கீறிச் சீழ் எடுத்தார். யார் பிதுக்கியது என்று திட்டினார். நான் தலை குனிந்து நின்றேன்.

"எதுக்கும்மே திட்றாரு?" என்றார் இவர்.

"லேட்டா வந்துட்டோமாம்." இன்னொரு பொய்.

இவர் தலையைத் திருப்பி, "அவளத் திட்டாத சார். வாரம் தவறாம பாத்து சுத்தம் பண்றவளே அவதான்" என்று தெலுங்கில் பரிந்து பேசினார். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டுத் துணியை எடுத்தார்.

புண் ஆறி வருகிறது. ஆறியதும் பையை எடுக்கவேண்டும் என்பதை இந்தமுறை உள்ளபடி சொன்னேன். பஸ்ஸில் சொன்னது பொய் என்று மட்டும் சொல்லவில்லை. கட்டு மாற்றும்போது வலியில் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு அது சந்தோஷமாகவும் இருக்கிறது... இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது போல.

கட்டியைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருந்தால், விவரம் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். பொய்யைப் பற்றி எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை.